துளைக்கு வழிவிட்ட எண்

"கேட்டைத் திறக்க முடியாதும்மா" என்றார் போலீஸ்காரர். "அதுக்கு முன்னாடி அது நிக்குது."

அது என்று அவர் கை காட்டியது ஒரு ரெக்கவரி வண்டி. நடுவழியில் படுத்துவிட்ட லாரிகளைக் கட்டி இழுத்துப் போகிற வண்டி. போர்க் கண்காட்சியின் புதிதாகப் பெயிண்ட் அடித்த இரும்பு வாசலை, ஒரு ஆள் நுழையும் சின்னக் கதவை மட்டும் விட்டுவைத்து, முழுசாக அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அதன் பானெட்டின் மேல் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிரீஸ் துணியால் விரல் விரலாகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஊரில் அவளைக் கொக்கி என்பார்கள். வண்டியின் பின்னால் தொங்கும் கொக்கியால் வந்த பெயர் என்று சிலர். அவள் பேச்சால் வந்த பெயர் என்று பலர்.

அத்தை காரிலிருந்து இறங்கினார். பின்னாலேயே மாப்பிள்ளையும் இறங்கினான்.

இந்த இருவரைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அத்தை இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வாகனங்களைச் சோதித்தவர். போர் முடிந்து ராணுவ லாரிகள் ஏலத்துக்கு வந்த காலம் அது. ஒரே லாரிக்கு இரண்டு நம்பர், ஒரே நம்பருக்கு மூன்று லாரி என்று ஆளாளுக்கு விளையாடியபோது, அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தார். அவருடைய மகளைக் கட்டியவன்தான் உதவியாளன். "இதுக்கு முன்னாடி மூணு வேலையை விட்டுட்டேன். இதை விட முடியாது. விட்டா வீட்டுக்குப் போக முடியாது" என்பான். உலகம் இருவரையும் அத்தை என்றும் மாப்பிள்ளை என்றும்தான் அறியும்.

"நீங்க மேஜரோட ஆளா?" என்று பானெட்டிலிருந்து குரல் வந்தது.

"அவர் கூப்பிட்டு வந்த ஆளு" என்றார் அத்தை. "அவரோட ஆளா இல்லையான்னு உள்ளே போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"பார்க்க என்ன இருக்கு? நாற்பது வருஷத்துக்கு முந்தின ஒரு ராணுவ லாரியைக் கொண்டுவந்து வச்சு, எங்கப்பா ஓட்டின வண்டின்னு சொல்றார். ஓடிப்போனவன் வண்டின்னு பலகை எழுதி, கீழே எங்கப்பா பேரையும் போட்டிருக்கார். நாளைக்குத் திறப்பு விழா. பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வரிசையா கூட்டிட்டு வரப்போறாங்க." அவள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கப்பா படைவரிசையை விட்டுப் போறவர் இல்ல. நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கேட் திறக்காது."

"போலீஸ் உங்க வண்டியைத் தூக்கிட்டா என்னக்கா பண்ணுவீங்க?" என்றான் மாப்பிள்ளை.

"தூக்கட்டும். இவ்வளவு பெரிய வண்டியைத் தூக்க ஒரு ரெக்கவரி வண்டி வேணும். இந்த ஊர்ல இருக்கிறது இது ஒண்ணுதான்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். காலையிலிருந்து அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

மாப்பிள்ளை சின்னக் கதவுக்குள் உடம்பை ஒடுக்கி நுழைத்தான். அன்று பார்த்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மனைவி புதிதாக எடுத்துக் கொடுத்தது.

*

மேஜர் ஒருநாள்கூட ராணுவத்தில் இருந்ததில்லை. சரக்கு லாரிகளுக்கும் இந்தக் கண்காட்சிக்கும் முதலாளி. மீசையைப் பார்த்து யாரோ வைத்த பட்டத்தை அவரே நம்பிவிட்டார்.

"வாங்க மேடம். இது அந்த லாரிதான்னு உங்க ஒரு கையெழுத்து போதும், வெளியே இருக்கிற பைத்தியம் தானா இறங்கிப் போயிடும்" என்று கூட்டிப்போனார்.

தகரக் கூரைக்குக் கீழே லாரி நின்றது. பச்சை பெயிண்ட் இன்னும் வாசனை போகவில்லை. பக்கத்தில் பித்தளைப் பலகை. அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஓடிப்போனவனின் லாரி. பின்வாங்கும் நாளில் படைவரிசையை விட்டு ஓடி, எல்லைக்கு அப்பால் விற்கப்பட்டது. சேஸிஸ் எண் 31762. என்ஜின் எண் 33480. ராணுவ விசாரணை ஆணையின்படி." அதற்கும் கீழே, டிரைவரின் பெயர்.

"எங்கே கிடைச்சது?"

"எல்லைக்கு அந்தப் பக்கம். ஒரு ஓடையில கிடந்தது. எவ்வளவு அலைஞ்சிருப்பேன் தெரியுமா?"

"தெரியாது. பார்க்கிறேன்" என்றார் அத்தை.

என்ஜின் மூடியைத் தூக்கி, பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணை விரலால் தடவினார். 33480. அச்சு ஆழமாக, ஓரம் தேய்ந்து, தொழிற்சாலையில் விழுந்தபடியே இருந்தது. பிறகு டிரைவர் கேபினுக்குப் பின்னால் குனிந்து, லாரியின் நீளத்துக்கும் ஓடும் வலதுபக்க இரும்புச் சட்டத்தில் டார்ச் அடித்தார். 31762.

"ரெண்டும் அப்படியே பொருந்துது அத்தை" என்றான் மாப்பிள்ளை. "என் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்துல ஒண்ணு, வீட்ல ஒண்ணு. இந்த லாரி என்னைவிட ஒழுங்கான குடும்பத்துல பிறந்திருக்கு."

"அப்படித்தான் காட்டிக்குது." அத்தை குரலைத் தாழ்த்தினார். மேஜர் சற்றுத் தள்ளி, திறப்பு விழாவுக்கு வரப்போகும் யாருடனோ போனில் குழைந்துகொண்டிருந்தார். "இந்த லாரியெல்லாம் ஒரே தொழிற்சாலையில, ஒரே வரிசையில வந்தது மாப்பிள்ளை. நம்பர் நடுவுல விட்டுப்போகாது. அதனால நம்பரைச் சொன்னா எப்போ பிறந்ததுன்னு சொல்லிடலாம். முப்பதாயிரத்துச் சொச்சம்னா போரோட ரெண்டாவது வருஷம். இந்த டிரைவர் காணாமப் போனது மூணாவது வருஷம். அதுவரைக்கும் சரி."

"என்ஜின் நம்பர் மட்டும் ஏன் கூட இருக்கு?"

"என்ஜினுக்குத் தனி வரிசை. ஸ்பேருக்குன்னு கூடுதலா செய்வாங்க, அதனால அது எப்பவும் கொஞ்சம் முன்னால ஓடும். அதுவும் சரி. இப்போ இதைப் பாருங்க."

டார்ச் வெளிச்சம் எண்ணின் மேல் நின்றது. மூன்று, ஒன்று, ஏழு. பிறகு ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு போல்ட் துளை. அதைத் தாண்டி ஆறு, இரண்டு.

"பஞ்ச் அடிச்சவன் நடுவுல மூச்சு வாங்கியிருக்கான்" என்றான் மாப்பிள்ளை.

"பஸ்ல ஒரு சீட்டு. நடுவுல ஒரு கூடை இருக்கு. இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் ரெண்டு பேர், கூடை மேல படாம ஒதுங்கி உட்கார்ந்திருக்காங்க. முதல்ல வந்தது யாரு?"

"கூடை."

"துளையும் அதே மாதிரிதான். நம்பர் முதல்ல இருந்து, துளை பின்னாடி போட்டிருந்தா, ஏதாவது ஒரு எண்ணைத் தின்னுட்டுத்தான் போயிருக்கும். இங்கே நம்பர் துளைக்கு வழி விட்டிருக்கு. அப்போ துளை மூத்தது, நம்பர் இளையது."

"துளையை யார் போட்டா?"

"தொழிற்சாலைதான். பக்கத்துல பாருங்க, இதே மாதிரி மூணு துளை. மூணுலயும் கம்பெனி ரிவெட் அப்படியே இருக்கு. கேபினுக்குப் பின்னால ஸ்டெப்னி மாட்ட ஒரு தாங்கி வச்சிருந்தாங்க, அதுக்கான துளை. அந்தத் தாங்கி நாற்பதாயிரத்துக்கு மேல பிறந்த வண்டியிலதான் உண்டு. போரோட கடைசி வருஷம்." அத்தை டார்ச்சை அணைத்தார். "கதவை மாத்தலாம். சக்கரத்தை மாத்தலாம். என்ஜினைக்கூட மாத்தலாம். இந்தச் சட்டம்தான் முதுகெலும்பு, இதை மாத்தினா அது வேற வண்டி. அந்த டிரைவர் ஓடிப்போனார்னு சொல்ற அன்னைக்கு இந்த லாரி எங்கேயோ மலையில இரும்புக்கல்லா கிடந்திருக்கும்."

மாப்பிள்ளை மெல்ல விசிலடித்தான். "அப்போ என்ஜினும் டூப்ளிகேட்டா?"

"அதுதான் இல்ல. என்ஜின் நம்பரை யாரும் தொடவே இல்ல. ஒரு பொய் லாரிக்குள்ள ஒரு நிஜ என்ஜின் உட்கார்ந்திருக்கு. அது எங்கேருந்து வந்தது?"

பதில் கிடைக்குமா என்று பார்க்க மாப்பிள்ளை என்ஜினுக்கு அடியில் கையை விட்டான். அங்கே ஏதோ ஈரம். புதிதாக ஊற்றிய ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கையை வெளியே எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். வெள்ளைச் சட்டையின் கைப்பகுதி முழுக்க நீலம்.

"அத்தை, உங்க பொண்ணுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். இது வேலை நேரத்துல ஆன காயம்."

அத்தை சட்டைக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். நாக்கு நுனியில் வைக்கப் போனவரை மாப்பிள்ளை தடுத்தான்.

"பெயிண்ட் தண்ணியில கரையாது" என்றார். "வெள்ளைத் துணி பளிச்சுன்னு இருக்கப் போடுற நீலப்பொடி இது. பச்சை பெயிண்டுக்கு அடியில, இடுக்கெல்லாம் என்ன கலர் தெரியுது பாருங்க."

மாப்பிள்ளை நகத்தால் சுரண்டினான். "வெள்ளை. இந்த வெள்ளை எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு பிரசவத்துக்கும் ராவும் பகலும் இதையேதான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில் வெள்ளை."

"முன்பக்கம் மின்விசிறி மாட்டுற இடத்துல பெல்ட் சக்கரம் போட்ட தழும்பு இருக்கு. ஆக, லாரியை விட்டு இறங்கினதுக்கு அப்புறம் இந்த என்ஜின் ரொம்ப வருஷம் தண்ணி இறைச்சிருக்கு. ஒரு ஆஸ்பத்திரியில, துணி துவைக்கிற இடத்துல."

போனை முடித்துவிட்டு மேஜர் வந்தார். கையில் தட்டச்சு செய்த தாள். "எழுத வேண்டியதை நானே எழுதி வச்சிருக்கேன் மேடம். கீழே கையெழுத்து மட்டும்."

"கையெழுத்து என்னுதுன்னா, மேல இருக்கிறதும் என்னுதா இருக்கணும். சாயங்காலம் சொல்றேன்."

மேஜரின் மீசை ஒரு பக்கம் இறங்கியது. "உங்களை விட்டா எனக்கு வேற ஆள் இல்லையா?"

"நிறைய இருக்காங்க. கூப்பிடுங்க. ஆனா நான் உள்ளே வந்து, கையெழுத்துப் போடாம வெளியே போறதை கேட்டுல ஒருத்தி உட்கார்ந்து பார்க்கப்போறா."

*

போர்க்கால ஆஸ்பத்திரி அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். படைவரிசை போன நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மலையேறும் சாலையின் முடிவில் இருந்தது. எல்லை இருக்கும் திசைக்கு நேரெதிர். கார் வளைவுகளில் திணறி ஏறும்போது மாப்பிள்ளை அதைக் கவனித்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் வந்தால் ஏதோ புரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

லாண்டரி, கட்டடத்தின் பின்புறம். நீராவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. வெளியே பெரிய முற்றம். சுண்ணாம்பு அடித்த கம்பங்களுக்கு இடையே கயிறு கட்டி, வார்டுப் படுக்கை விரிப்புகள் வரிசை வரிசையாகக் காய்ந்தன. மூலையில் பம்ப் அறை. உள்ளே எண்ணெய் ஊறிய பழைய கான்கிரீட் மேடை. மேடை பெரியது, அதன் மேல் இருந்த மின்மோட்டார் சிறியது. அப்பாவின் நாற்காலியில் குழந்தை உட்கார்ந்த மாதிரி இருந்தது. மோட்டாரின் மேல் ஒரு தகடு.

"அன்பளிப்பு" என்று வாசித்த மாப்பிள்ளை, அடுத்து இருந்த பெயரைப் பார்த்துச் சிரித்தான். மேஜரின் முழுப் பெயர், பட்டத்தோடு. "எதைக் கொடுத்தாலும் பேரைப் போட்டுத்தான் கொடுப்பாங்க. எதையாவது எடுத்துட்டுப் போனா மட்டும் பேரை விட்டுடுவாங்க. இவர் ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சதால மாட்டிக்கிட்டார்."

"யாரது பம்ப் ரூம்ல?"

இடுப்பில் ரப்பர் ஏப்ரன் கட்டிய பெண் வாசலில் நின்றாள். அறுபதை நெருங்கும் வயது. சோப்புத் தண்ணீரில் வெளுத்த கைகள். அவள்தான் லாண்டரி அக்கா. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அத்தை யார், எதற்கு வந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொன்னார். அக்கா முகம் கொடுக்கவில்லை.

"பழைய என்ஜினைத்தானே கேக்குறீங்க? போன வருஷம் ஒரு பெரிய மீசைக்காரர் வந்தார். புது மோட்டார் தரேன், இதைக் கொடுங்கன்னு ஆபீஸ்ல பேசி எடுத்துட்டுப் போயிட்டார். பெட்ரோல்ல கிளப்பி மண்ணெண்ணெய்ல ஓட்டுவோம். இத்தனை வருஷம் ஒருநாள் எங்களைக் கைவிட்டதில்ல. இந்தப் புதுசு கரண்ட் போனா படுத்துக்குது."

"அந்த என்ஜின் இங்கே எப்படி வந்தது?"

"அதை எதுக்கு இப்போ கேக்குறீங்க?"

"அது ஒரு ராணுவ லாரியோடது. ஓட்டினவர் வண்டியோட எல்லை தாண்டி ஓடிட்டார், அங்கே வித்துட்டார்னு நாற்பது வருஷமா எழுதி வச்சிருக்காங்க. நாளையிலேருந்து அதைப் பித்தளையில எழுதி மாட்டப்போறாங்க. அவருக்கு ஒரு மக இருக்கா."

அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஓடினாரா?" என்றாள் கடைசியில். "அவர் நேரா இங்கேதான்மா வந்தார். எனக்கு அப்போ பத்தொன்பது வயசு, வேலைக்குச் சேர்ந்த புதுசு. ரேடியேட்டர்ல ஓட்டை, கண்ணாடி இல்ல, பொங்கிக்கிட்டு வந்து நின்னுச்சு லாரி. பின்னால பார்த்தா குண்டு விழுந்த ஊர் ஜனங்க. ஒருத்தர் மேல ஒருத்தரா அடிபட்டுக் கிடக்காங்க. நடுவுல செதுக்கு வேலை செஞ்ச பெரிய நாற்காலி ஒண்ணு. அதுல ஒரு நிறைமாசக்காரி கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா."

"ராணுவ லாரியில நாற்காலியா?" என்றான் மாப்பிள்ளை.

"பின்வாங்கிப் போறப்போ பெரிய அதிகாரிங்க வீட்டுச் சாமானை ஏத்தின வண்டியாம் தம்பி. மேசை, பீரோ, மெத்தை எல்லாத்தையும் ரோட்டோரம் தள்ளிவிட்டுட்டு இவங்களை ஏத்தியிருக்கார். நாற்காலியை மட்டும் அவளுக்காக விட்டு வச்சாராம். கூட வந்தவங்க சொன்னாங்க."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவருக்கு என்ன ஆச்சு?"

"வயித்துல அடிபட்டிருந்தது. எங்கே அடிபட்டார்னு அவர் சொல்லல. வண்டியில ஏறினவங்களுக்கே அது தெரியாது. எல்லாரையும் இறக்கி முடிச்சதுக்கு அப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சது. அன்னைக்கே போயிட்டார். பேர் தெரியாது. சட்டைப்பையில ஒண்ணும் இல்ல. பின்னாடி சுவர்கிட்ட அடக்கம் பண்ணோம்."

"ராணுவத்துக்குச் சொல்லலையா?"

"சொல்லல." அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிருப்பாங்க. ஊர்ல கரண்ட் இல்ல, பம்ப் செத்துக் கிடக்கு, வார்டுல புண்ணைக் கழுவத் தண்ணி இல்ல. அப்போ இருந்த பெரிய டாக்டரம்மா, பிரிச்சுப் போடுங்க, பம்ப்ல மாட்டுங்கன்னு சொன்னாங்க. மாட்டினோம். அதே நிலைமை நாளைக்கு வந்தாலும் அதையேதான் செய்வோம். ஆனா அவர் பேரை இப்படிக் கெடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா, சும்மா இருந்திருக்க மாட்டோம். நான் இதையெல்லாம் அந்த மீசைக்காரர்கிட்டயும் சொன்னேனே. பேரைக் கண்டுபிடிச்சுட்டு வந்து சொல்றேன்னு போனார்."

முற்றத்தில் ஒரு விரிப்பு காற்றில் படபடத்து அடங்கியது.

"எல்லாம் தெரிஞ்சுதான் அந்தப் பலகையை எழுதியிருக்கார்" என்றார் அத்தை. "தண்ணி இறைச்ச என்ஜினைக் காட்டினா யாரு வந்து பார்ப்பா? ஓடிப்போனவன் வண்டின்னா கூட்டம் வரும். அதுக்குத்தான் பின்னாடி பிறந்த ஒரு லாரியைத் தேடிப் பிடிச்சு, அதோட நம்பரை அராவிட்டு, விசாரணை ஆணையில இருக்கிற நம்பரைப் பஞ்ச் அடிச்சிருக்கார்."

"ஆனா கேட்டா, என்ஜின் எங்கேயோ கிடந்து யாரோ கொண்டுவந்து வித்ததுன்னு சொல்லிடுவாரே அத்தை" என்றான் மாப்பிள்ளை. "என்ஜினை மாத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க. முதுகெலும்பு வேணும். அது எங்கே இருக்கப் போகுது இத்தனை வருஷம் கழிச்சு." அலுப்போடு பக்கத்துக் கம்பத்தில் சாய்ந்தான்.

அக்கா அவனைப் பார்த்தாள். "தம்பி, நீ சாய்ஞ்சிருக்கிறதுதான் அது."

மாப்பிள்ளை துள்ளி விலகினான். சுண்ணாம்பு பூசிப் பூசித் தடித்திருந்தாலும், அது கம்பம் இல்லை, லாரிச் சட்டம் என்பது இப்போது தெரிந்தது. எதிரே கயிற்றின் மறுமுனையில் இன்னொன்று. ஒரு லாரியின் இரண்டு நீளச் சட்டங்களும் மண்ணில் நட்டு, நாற்பது வருடமாக ஆஸ்பத்திரியின் ஈரத் துணியைத் தாங்கிக்கொண்டிருந்தன.

அத்தை கார்ச் சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினார். மாப்பிள்ளை சட்டைக் கையாலேயே துடைத்தான். இனி அந்தச் சட்டைக்கு இழக்க ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்தில் ஒவ்வொன்றாக எண்கள் எழும்பின. மூன்று, ஒன்று, ஏழு, ஆறு, இரண்டு. சீரான இடைவெளி. நடுவில் துளை எதுவும் இல்லை.

*

கொக்கி போனில் முதலில் மறுத்தாள். கேட்டை விட்டு நகர மாட்டேன் என்றாள். "உங்கப்பா இங்கேதாம்மா இருக்கார்" என்று அத்தை சொன்னதும் அந்தப் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வெயில் சாய்வதற்குள் ரெக்கவரி வண்டி மலையேறி வந்துவிட்டது. அதன் பின்னால், மோப்பம் பிடித்து வந்த மாதிரி, மேஜரின் ஜீப்.

அத்தை ஒளிக்கவில்லை. மேஜரை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். துளைக்கு வழிவிட்ட நம்பர், நீலப்பொடி, தகடு, நாற்காலி, சட்டம்.

கொக்கி சட்டத்தில் இருந்த எண்ணின் மேல் கையை வைத்தாள்.

"நாற்பது வருஷமா, எங்கப்பா படைவரிசையை விட்டுப் போகலைன்னு சண்டை போட்டேன்" என்றாள். "பள்ளிக்கூடத்துல, கல்யாணம் பேச வந்த இடத்துல, லைசென்ஸ் ஆபீஸ்ல. எல்லார்கிட்டயும். போயிருக்காரே."

"ஆமா. உத்தரவை மீறித்தான் போயிருக்கார். எந்தப் பக்கம் போனார்னு மட்டும் தப்பா எழுதிட்டாங்க."

கொக்கியின் முகத்தில் ஏதோ ஒன்று இளகி, உடனே இன்னும் இறுகியது. "அப்போ இனிமே இப்படிச் சொல்றேன். எங்கப்பா படைவரிசையை விட்டுப் போனார். அதிகாரிங்க பீரோவை ரோட்டுல தள்ளிட்டுப் போனார். யார் வந்து கேட்டாலும் சொல்றேன்."

மேஜர் தொண்டையைச் செருமினார். வியாபாரிகளுக்கே உரிய வேகத்தில் அவர் முகம் மாறியிருந்தது. "நடந்தது நடந்து போச்சு. இது இன்னும் நல்ல கதைம்மா. வீரனோட லாரின்னு பலகையை மாத்திடுறேன். இந்த ரெண்டு சட்டத்தையும் கொடுத்துடுங்க. ஆஸ்பத்திரிக்குப் புதுக் கம்பம் நான் போட்டுத் தரேன், நல்ல கனமான பைப்பா."

"தர மாட்டேன்" என்றாள் கொக்கி. "அது வேலையில இருக்கு. உங்க கொட்டகைக்கு வந்தா வேலை போயிடும். என்ஜினும் இங்கேதான் திரும்பி வரணும். பலகையைக் கழட்டுங்க. அதை ஏன் கழட்டினீங்கன்னு நாளைக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட நீங்களே உங்க வாயால சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"நான் சொல்லுவேன்" என்றார் அத்தை. "நீங்க கேட்ட சான்றிதழ்தான். அதுல எழுதி, கையெழுத்தும் போட்டுத் தருவேன்."

மேஜர் லாண்டரி அக்கா பக்கம் திரும்பினார். குரலில் தேன் போய்விட்டது. "ராணுவச் சொத்தை மறைச்சு வச்சீங்க இல்ல? இது வெளியே போனா முதல்ல கேள்வி உங்களுக்குத்தான். ஓய்வு பெறப் போற நேரத்துல தேவையா?"

அக்கா காய்ந்த விரிப்பு ஒன்றைக் கயிற்றிலிருந்து உருவினாள். "கேக்கட்டும். தண்ணி குடிச்சுப் பிழைச்சவங்க இன்னும் இருக்காங்க. அந்த நாற்காலியில வந்தவளுக்கு இங்கேதான் பிரசவம் ஆச்சு, அந்தப் பொண்ணு இப்போ இதே ஆஸ்பத்திரியில வார்டு நர்ஸ். எல்லாரையும் கூட்டிக்கிட்டே வரேன், பெரிய ரூமா பார்த்துப் போடச் சொல்லுங்க. இப்போ கொஞ்சம் ஒதுங்குங்க சார், நீங்க நிக்கிற இடத்துல துணி மடிக்கணும்."

மேஜர் ஒதுங்கினார். ஒதுங்கியவர் ஜீப் வரைக்கும் போய்விட்டார். ஜீப் வாசலைத் தாண்டியது.

"நாளைக்கு அவர் சொல்லுவாரா அத்தை?" என்றான் மாப்பிள்ளை.

"சொல்லலைன்னாலும் பிள்ளைங்க கேக்கும்படி நாம பேசுவோம். உங்க வாய்க்கு நாளைக்குத்தான் நிஜமான வேலை."

அக்கா விரிப்பின் இரண்டு முனைகளைக் கொக்கியிடம் நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் இழுத்து, உதறி, நடுவில் சேர்த்து மடித்தார்கள். சுவர் ஓரத்தில் எந்தக் கல் என்று அக்கா கண்ணாலேயே காட்டினாள். கொக்கி பார்த்தாள். உடனே போகவில்லை. போவதற்கு முன் கேட்டுக்கொள்ள ஒன்று இருந்தது.

"ஏதாவது சொன்னாரா அக்கா? கடைசியா?"

"வீட்டைப் பத்தியா? அதுக்குத் தெம்பு இல்லம்மா அவருக்கு. ஸ்டியரிங்லேருந்து கையை எடுக்கவே நாங்க ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போ ஒண்ணே ஒண்ணு சொன்னார். 'என்ஜினை அணைச்சுடாதீங்க. பேட்டரி போச்சு. அணைச்சா திரும்ப எடுக்காது'ன்னார்."

"அணைச்சீங்களா?"

"அணைக்கல. துணி அலசின தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தி ஊத்தி, பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓட விட்டோம். அவர் போனப்போகூட ஓடிக்கிட்டுத்தான் இருந்தது."

கொக்கி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து வேறொன்றாக மாறியது. மடித்த விரிப்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நடுரோட்டுல வண்டி மக்கர் பண்ணி எனக்குப் போன் பண்ற ஒவ்வொருத்தர்கிட்டயும்" என்றாள், "முதல்ல நான் சொல்றதும் அதைத்தான்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரை நோக்கி நடந்தாள்.